பூவரசிக்கு முடி வளர்த்தவர்

ஞாயிற்றுக்கிழமை காலை, ஸ்ரீரங்கத்தில் வீட்டுக்குப் பக்கத்துக் கடையில் காய்கறி வாங்கிக்கொண்டிருந்தபோது சல்மாவிடமிருந்து போன் வந்தது. சல்மா எங்கள் அனிமேஷன் ஸ்டுடியோவில் பணிபுரிபவர். மறுநாள் வேலையைப் பற்றிக் கேட்கப்போகிறார் என்று நினைத்து, “நாளைக்கு நேர்ல பேசிக்கலாமா சல்மா?” என்றேன்.

“சார், ஹேமா மேடம் போயிட்டாங்க. நெஞ்சு வலிக்குதுன்னு சொல்லியிருக்காங்க. ஆஸ்பத்திரிக்குப் போறதுக்குள்ள...”

பையைக் கடைக்காரரிடமே விட்டுவிட்டுப் பொன்மலையில் இருக்கும் அவர் வீட்டுக்குப் புறப்பட்டேன்.

திருமதி ஹேமலதா அவர்களை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கணினியில் உருவாகும் பாத்திரங்களுக்கு முடி வைப்பது அவருடைய தொழில். நான் முகம் செய்பவன். மூக்கு, கன்னம், காது எல்லாம் என் பொறுப்பு. என் வேலை முடிந்ததும் அந்த மொட்டைத் தலை அவருடைய மேசைக்குப் போகும். முதலில் கொஞ்சம் முடிகளை மட்டும் ஒவ்வொன்றாகக் கையால் நடுவார். எது எந்தப் பக்கம் சாய வேண்டும், எங்கே வளைய வேண்டும் என்று சீவி வைப்பார். அவற்றைப் பார்த்து மென்பொருள் மீதித் தலையை நிரப்பும். பிறகு அந்த முடிக்கு எடை கொடுக்க வேண்டும். காற்று கொடுக்க வேண்டும். தோளில் பட்டால் உள்ளே புகாமல் நிற்கச் செய்ய வேண்டும். வெயிலில் கறுப்பு முடி எங்கே பழுப்பாகத் தெரியும் என்பதும் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரிந்திருந்தது.

சென்னையில் பெரிய படங்களில் வேலை செய்துகொண்டிருந்தவர் அவர். கணவர் பாஸ்கர் ரயில்வே பணிமனையில் ஃபிட்டர். அவருக்குப் பொன்மலைக்கு மாற்றல் கிடைத்ததும் இருவரும் திருச்சிக்கு வந்தார்கள். தில்லைநகரில் மாடியில் இருக்கும் எங்கள் சிறிய ஸ்டுடியோவுக்கு அவர் வேலை கேட்டு வந்த நாள் நினைவிருக்கிறது. உரிமையாளர் செல்வம், அதுவரை நாங்கள் செய்திருந்தவற்றைப் பெருமையாகப் போட்டுக் காட்டினார். ஹேமலதா அவர்கள் பொறுமையாகப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “முகமெல்லாம் ரொம்ப நல்லா இருக்குங்க. தலையில இருக்கறது முடி இல்ல, ஹெல்மெட்.” செல்வம் சிரித்துவிட்டார். மறுவாரமே ஹேமலதா அவர்கள் வேலைக்கு வந்துவிட்டார்.

எங்கே போனாலும் அவர் கண் மனிதர்களின் தலைமேல்தான் இருக்கும். சத்திரம் பஸ் ஸ்டாண்டிலிருந்து ஒருமுறை நாங்கள் சேர்ந்து பஸ்ஸில் போனோம். முன் சீட்டுப் பெண்ணின் பின்னந்தலையையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பெண் திரும்பி, “என்னங்க, பேன் ஏதும் தெரியுதா?” என்று கேட்டார். இவர் அசராமல், “இல்லைங்க, உங்க வகிடு கொஞ்சம் கோணலா இருக்கு. பார்க்க அழகா இருக்கு” என்றார். இறங்கும்வரை அந்தப் பெண் தலையைத் தடவிக்கொண்டே வந்தார்.

அவரோடு வேலை செய்வது எளிதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். நான் நாள்கணக்கில் உழைத்துச் செய்த நெற்றியை, என்னைக் கேட்காமலே சிறிதாக்கி முடியைக் கீழே இறக்கிவிடுவார். சண்டை போட்டிருக்கிறேன். “உங்க நெற்றி அப்படியேதான் இருக்கு சார், முடிக்கு அடியில” என்பார். மன்னிப்புக் கேட்டதே இல்லை.

அப்போதுதான் பூவரசி வந்தாள். சென்னை நிறுவனம் ஒன்று குழந்தைகளுக்கான தொடரை எங்களிடம் கொடுத்தது. கதாநாயகி பூவரசி என்ற சிறுமி. இடுப்புவரை விரித்துவிட்ட கூந்தல். எங்கள் ஸ்டுடியோவுக்கு அதுவரை கிடைத்ததிலேயே பெரிய வேலை. முதல் பகுதியை முடிப்பதற்குள் திணறிப்போனோம். அவள் ஓடினால் கூந்தல் கைக்குள் புகுந்தது, திரும்பினால் கழுத்துக்குள் போனது. ஒவ்வொரு அசைவையும் கணக்கிட எங்கள் கணினிகளுக்குத் திராணி இல்லை. கெடு நெருங்கியது. வேலையைத் திருப்பிக் கொடுத்துவிடலாம், ஆனால் அப்புறம் ஸ்டுடியோவை நடத்த முடியாது என்று செல்வம் வெளிப்படையாகவே சொன்னார்.

ஹேமலதா அவர்கள் சொன்னார்: “மொட்டை போட்டுருவோம்.”

செல்வம் நிமிர்ந்து பார்த்தார்.

“இரண்டாவது பகுதியில அவளைச் சமயபுரத்துக்குக் கூட்டிட்டுப் போய் மொட்டை போட்டுருவோம். அதுக்கப்புறம் ஒவ்வொரு பகுதிக்கும் கொஞ்சம் கொஞ்சமா வளரட்டும். குட்டை முடியை நம்ம மெஷின் தாங்கும். வேண்டுதல்னு ஒரு காட்சி எழுதினா கதையும் நல்லா இருக்கும்.”

சென்னைத் தயாரிப்பாளர் அம்மையாரிடம் போனில் பேசினோம். அவர் ஒரேயடியாக மறுத்தார். “கதாநாயகிக்கு மொட்டையா? எந்தக் குழந்தை இதைப் பார்க்கும்?”

“மேடம், உங்க வீட்டு போட்டோ ஆல்பத்தைத் திறந்து பாருங்க” என்றார் ஹேமலதா அவர்கள். “முதல் பக்கத்துலேயே ஒரு மொட்டை இருக்கும்.”

அந்தப் பக்கம் ஆல்பம் புரளும் சத்தம் கேட்டது. பிறகு, “நான்தான் இருக்கேன்” என்று சொல்லிச் சிரித்தார் அவர். ஒரு வாரத்தில் மாதிரிக் காட்சி ஒன்று வேண்டும், அது நம்பும்படி இல்லையென்றால் வேலை வேறு ஸ்டுடியோவுக்குப் போய்விடும் என்றார்.

மொட்டைதானே, முடியே இல்லையே என்று நாங்கள் நிம்மதியாக மூச்சு விட்டோம். ஹேமலதா அவர்கள் மட்டும் சல்மாவைக் கூட்டிக்கொண்டு சமயபுரத்துக்குப் பஸ் ஏறினார். முடியிறக்கும் மண்டபத்தின் வாசலில் பகல் முழுக்க நின்று பார்த்துவிட்டு வந்து என்னிடம் சொன்னார்: “சார், நீங்க கொடுத்த தலை பலூன் மாதிரி இருக்கு. இத்தனை நாள் வெயிலே படாத தோல் அது. முகத்தைவிட வெளுப்பா வேணும். முடி இருந்த இடமெல்லாம் லேசா நீலம் ஓடணும். சந்தனம் காய்ஞ்சா காது ஓரத்துல வெடிக்கும், அதையும் வைங்க.” எனக்குக் கோபம் வந்தது. திருத்திய பிறகு பார்த்தேன். அது உண்மையான தலையாக இருந்தது.

மாதிரிக் காட்சியில் பூவரசி குளித்துவிட்டுத் தலையைத் துவட்டுவாள். முளைவிட்ட முடியில் துண்டு சிக்கும். வழுக்கிக்கொண்டு வராமல் சொரசொரவென்று இழுபடும். அவள் துண்டைப் பிடித்து இழுத்துவிட்டு, உள்ளங்கையால் தலையைத் தேய்த்துப் பார்ப்பாள். அந்த ஒரு காட்சிக்காக அந்த வாரம் முழுவதையும் செலவிட்டார் ஹேமலதா அவர்கள். அதைப் பார்த்த தயாரிப்பாளர் போனில் சொன்னது இவ்வளவுதான்: “என் கையே தலைக்குப் போயிடுச்சு. செய்யுங்க.”

அதன் பிறகு பூவரசியின் முடி வளர்ந்தது. முள்ளாக நின்றது, நெற்றியில் விழுந்தது, உச்சியில் தென்னங்கன்று போல் குடுமி முளைத்தது, முதல் கிளிப்பை ஏற்றது. கடைசிப் பகுதியில் ரிப்பன் கட்டிய கட்டைச் சடை ஒன்று தோளைத் தொடாமல் ஆடியது. ஸ்டுடியோ பிழைத்தது.

கன்டோன்மென்ட்டில் ஓர் அரங்கத்தில் குடும்பங்களை அழைத்து முதல் பகுதிகளைத் திரையிட்டோம். எங்கள் முன்வரிசையில் ஒரு சிறுமி, காதுவரை இழுத்துவிட்ட தொப்பியோடு உட்கார்ந்திருந்தாள். தொப்பிக்குக் கீழே பிடரியில் சந்தனம் தெரிந்தது. துண்டு சிக்கும் காட்சி வந்தபோது அரங்கம் சிரித்தது. அந்தச் சிறுமி தொப்பியைக் கழற்றி அம்மாவின் மடியில் போட்டுவிட்டு, தன் தலையைத் தேய்த்துக்கொண்டே படம் பார்த்தாள். ஹேமலதா அவர்கள் என் முழங்கையைத் தட்டி, “சார், தொப்பி” என்றார். அவருடைய கண்கள் கலங்கியதை நான் பார்த்தது அன்று மட்டும்தான்.

காரியங்கள் முடிந்த பிறகு, அவருடைய பொருள்களை எடுத்துப்போக பாஸ்கர் ஸ்டுடியோவுக்கு வந்தார். டிபன் பாக்ஸ், குடை, ஒரு சால்வை. எல்லாவற்றையும் பையில் போட்டுக்கொண்டு தயங்கி நின்றார்.

“கடைசியா என்ன செஞ்சிக்கிட்டு இருந்தான்னு பார்க்கலாங்களா?”

சல்மா திறந்து காட்டினார். புதிய படத்தில் வரும் பெண் கண்டக்டர். ஓடும் பஸ்ஸில் படிக்கட்டோரம் நிற்கிறார். இடப்பக்கத்து முடி காற்றில் பறந்து, கன்னத்தில் ஒட்டி, மறுபடி பறந்தது. பாஸ்கர் கண்ணெடுக்காமல் பார்த்தார். பிறகு அந்தத் தலையில் இன்னும் முடி நடாத வலப்பக்கத்தைக் காட்டி, “இந்தப் பக்கம் வேலை பாக்கி இருக்கு போலயே” என்றார்.

“ஆமா சார்” என்றார் சல்மா.

“முடிச்சிருங்கம்மா. அவ எதையும் பாதியில விட மாட்டா.”

அவர் படியிறங்கிப் போனதும் சல்மா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். ஒரு முடியை நட்டார். சாய்வு சரியில்லை என்று எடுத்துவிட்டு மறுபடி நட்டார்.

மேடம், வலப்பக்கமும் நேற்று முடிந்துவிட்டது. பஸ் பாலத்தின்மேல் வேகமெடுக்கும்போது இரண்டு பக்கமும் சேர்ந்து பறக்கிறது. வணக்கம்.