தெருவுக்கு அடியில் இருந்த படிகள்

எங்கள் கிராஸில், அதாவது குறுக்குத் தெருவில், ரோடு போட ஆள் வந்தால் முதலில் வெளியே வந்து நிற்கிறவன் நான்தான். உதவி செய்ய அல்ல, குறை சொல்ல. இன்ஷூரன்ஸ் ஆபீஸில் முப்பது வருஷம் அடுத்தவர் விண்ணப்பத்தில் தப்புக் கண்டுபிடித்தே பழகிவிட்ட கண். ஆனால் ஒரு விஷயத்தை மட்டும் நான் குறை சொன்னதே கிடையாது. ஒவ்வொரு தடவையும் பழைய ரோட்டைக் கொத்தி எடுக்காமல், அதன் மேலேயே ஜல்லியைக் கொட்டித் தாரை ஊற்றி உருட்டிவிட்டுப் போவார்கள். ரோடு அரையடி உயரும், என் வீட்டு வாசலில் ஒரு படி குறையும். முழங்கால் வலிக்காரனுக்கு இதைவிட என்ன வேண்டும்? நான் ஏற வேண்டிய உயரத்தை ரோடே எனக்காக ஏறி வந்தது.

இப்படி எனக்கு ஏறி வந்த ரோடு, தெருவின் கடைசி வீட்டில் இருந்த மீனாக்ஷியை மூழ்கடித்துக்கொண்டிருந்தது. அது எனக்குத் தெரியாது என்று சொன்னால் பொய். தெரியும், யோசிக்கவில்லை.

மீனாக்ஷியின் அப்பா ரயில்வே குமாஸ்தாவாக மைசூருக்கு மாற்றலாகி வந்து இங்கேயே தங்கிவிட்டவர். எங்கள் தெரு கீழ்க்கோடியை நோக்கிச் சரியும். அந்தக் கோடியில் யாரும் வாங்காமல் கிடந்த சைட்டை வாங்கி, அறுபத்து நாலில் வீடு கட்டினார். ஒரே பெண். அவளும் ரயில்வே ஆபீஸிலேயே டைப்பிஸ்டாகச் சேர்ந்து ஹெட் கிளார்க் ஆனாள். கூடுதலாக ஒரு வார்த்தை பேசமாட்டாள், பேசினால் டைப் அடித்த கடிதம் மாதிரி அடித்தல் திருத்தல் இல்லாமல் இருக்கும். கணவர் சாம்பு ரயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். பிள்ளை வினய் பெங்களூரில் வேலை பார்த்தான்.

அவர்கள் வீட்டு வாசற்படி ரோட்டுக்கு அரையடி கீழே போய்விட்டிருந்தது. யார் போனாலும் மீனாக்ஷி வாசலுக்கு ஓடி வந்து, "பாத்து எறங்குங்கோ" என்பாள். வாங்கோ என்பது அதற்கப்புறம்தான். மழை பெய்தால் தெருத் தண்ணீர் முழுக்க அவள் வீட்டுக்குத்தான் விருந்தாளி. சுவர் இடுப்பளவுக்கு ஊறிப் பூத்துப்போய், சாம்புவுக்கு இழுப்பு வந்துவிட்டது. வேறு வீடு பாருங்கள் என்று டாக்டர் இரண்டு தடவை சொல்லியாயிற்று. "வித்துடும்மா, பெங்களூர் வந்துடு, ஆயித்தா?" என்று வினய் கன்னடம் கலந்து போனில் சொல்லிக்கொண்டிருந்தான். அவள் ரிசீவரை வைத்துவிடுவாள் என்று என் மனைவி பத்மாஸினி சொல்வாள்.

தொண்ணூற்றாறு ஜூன் மாதம் வார்டு இஞ்சினியர் ஹரிப்ரசாத் குடையும் ஃபைலுமாக வந்தார். தசராவுக்குள் எங்கள் கிராஸ் ரோடும் சாக்கடையும் புதிதாகப் போடப்போகிறார்களாம். இந்தத் தடவை வீட்டுக்காரர்களைக் கேட்டுக்கொண்டுதான் பிளான் போடுவார்களாம். இப்படி ஒரு மரியாதையை நாங்கள் கேள்விப்பட்டதேயில்லை. அதனால் சந்தேகப்பட்டோம். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை காலை, தெருமுனையில் இருக்கிற பசவராஜின் மாவு மில்லில் பன்னிரண்டு வீட்டுக்காரர்களும் கூடிவிட்டோம். அன்று மில்லுக்கு லீவு, ஆனாலும் எல்லார் வேட்டியிலும் ராகி மாவு.

ஒருவர் விளக்குக் கம்பத்தை நகர்த்தச் சொன்னார், ஒருவர் வேகத்தடை கேட்டார். நான் என் ராம்ப் வரை தாரை வழவழப்பாக இழுத்துவிடச் சொன்னேன். ராம்ப் என்றால் ஸ்கூட்டரை ஏற்ற வாசலில் சிமெண்டில் போட்ட சரிவு. ஏழு வருஷத்துக்கு முன் போட்டது. எல்லார் வீட்டிலும் உண்டு, ஆனால் என்னுடையதுதான் பெரிது. அதற்கு அடியில் சாக்கடை போகிறது. கடைசியில் மீனாக்ஷி எழுந்தாள்.

"எனக்கு ஒண்ணே ஒண்ணுதான். பழைய ரோட்டைத் தோண்டி எடுத்துட்டு, ஆதியில எந்த லெவல்ல இருந்ததோ அந்த லெவல்ல போடுங்கோ."

எல்லாரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள். பசவராஜ் இரண்டு கைகளையும் ஆட்டி, "ஆகல்லா மேடம், ஆகல்லா" என்று கன்னடத்தில் மறுத்தார். தலையில் மூட்டையோடு வருகிற பெண்கள் படி ஏறுவார்களா, அடுத்த மில்லுக்குப் போய்விடுவார்கள் என்பது அவர் கவலை. நானும் சும்மா இருக்கவில்லை.

"அப்பறம் என் ராம்ப் அந்தரத்துல தொங்கும். ஸ்கூட்டரைத் தோள்ல தூக்கிண்டா ஆத்துக்குள்ள போவேன்?"

மில் முழுக்கச் சிரித்தது. அந்தச் சிரிப்பில் எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. மீனாக்ஷி சிரிக்கவில்லை, புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

ஹரிப்ரசாத் நியாயமான மனுஷர். தோண்டலாம், குடிதண்ணீர்க் குழாய் அதற்கும் ஆழத்தில் இருக்கிறது என்றார். இரண்டு சிக்கலைத்தான் சொன்னார். ஆதி லெவல் எது என்று யாருக்கும் தெரியாது, கண்மூடித்தனமாகத் தோண்ட முடியாது. இன்னொன்று, தோண்டினால் எல்லா ராம்பையும் உடைக்க வேண்டும், அதற்குப் பன்னிரண்டு வீட்டுக்காரர்களும் கையெழுத்துப் போட வேண்டும். மாசக் கடைசிவரை பார்க்கலாம், இல்லாவிட்டால் வழக்கம்போல மேலேயே போட்டுவிடுகிறோம் என்று ஃபைலை மூடினார்.

திரும்பி வரும்போது மீனாக்ஷி என் மனைவியிடம் சொன்னாளாம். "மேலேயே போட்டா வீட்டைக் குடுத்துடறோம் பத்மா. ஒரு பார்ட்டி வந்து பாத்துட்டுப் போயிட்டா. இவர் மூச்சு விடற சத்தத்தை இனிமே என்னால கேட்டுண்டிருக்க முடியாது."

அதற்கடுத்த நாளிலிருந்து அவள் ஆபீஸ் விட்டு வந்ததும் வீடு வீடாகப் போனாள். கையெழுத்துக் கேட்டுத்தான் வருகிறாள் என்று எல்லாரும் மறுப்பைத் தயாராக வைத்துக்கொண்டிருந்தார்கள். அவள் கேட்டதோ ஃபோட்டோ ஆல்பம். கிருஹப்ரவேசம், கல்யாணம், முதல் ஸ்கூட்டர் வாங்கின நாள், எதுவானாலும் சரி, வாசலில் நின்று எடுத்ததாக இருக்க வேண்டும். பாவம், தெருவை விட்டுப் போகப்போகிறாள், ஞாபகத்துக்குப் பார்க்கிறாள் என்று நினைத்தார்கள். காபி கொடுத்தார்கள், ஒரு வீட்டில் அழக்கூட அழுதார்கள். இவள் மட்டும் படத்தில் யார் முகத்தையும் பார்க்காமல் எல்லார் காலையும் பார்த்துக்கொண்டிருந்தாளாம்.

நான் ஆபீஸிலிருந்து வந்தபோது கூடத்துச் சுவரில் எங்கள் கல்யாணப் படம் இருந்த இடம் வெள்ளையாக இருந்தது.

"யாரைக் கேட்டுக் குடுத்தே?"

"அந்தப் படத்துல நானும்தானே இருக்கேன். என் பாதியைக் குடுத்தேன், உங்க பாதியும் கூடவே போயிடுத்து" என்றாள் பத்மாஸினி. இருபத்தொன்பது வருஷமாக இப்படித்தான் பதில் வருகிறது.

அடுத்த ஞாயிறு மறுபடி மில். ஹரிப்ரசாத்தும் வந்திருந்தார். மாவு சலிக்கிற மேஜையைத் துடைத்து மீனாக்ஷி படங்களை வரிசையாகப் பரப்பினாள். அப்போதுதான் எனக்கே புரிந்தது. எங்கள் தெருவில் யார் படம் எடுத்தாலும் வாசற்படியில்தான் நிற்போம். குள்ளமானவர்கள் மேல்படி, உயரமானவர்கள் கீழ்ப்படி. படிகளை எண்ணிவிடலாம். பக்கத்தில் அவள் டைப் அடித்த தாள்: வீட்டு நம்பர், படம் எடுத்த வருஷம், அன்றைக்கு எத்தனை படி, இன்றைக்கு எத்தனை படி. என் வீட்டுக்கு நேராக ஐந்து, இரண்டு. மில்லுக்கு நேராக நான்கு, ஒன்று. எதிர்வீட்டு சென்னம்மாவிடம் படமே இல்லை. அவர் சுவரில் மாடு கட்டுகிற வளையத்தைக் காட்டியிருக்கிறார். முழங்கால் உயரத்தில் இருந்த வளையம் இப்போது ரோட்டோடு கிடந்தது. அதுவும் ஒன்றரை அடி.

"எல்லாராத்துலயும் மூணு மூணு படி ரோட்டுக்கு அடியில இருக்கு. ஒரு வீட்டுலகூட வித்தியாசம் இல்லை" என்றாள் மீனாக்ஷி. என் பக்கம் கையைக் காட்டினாள். "பராசரன் சார் ஆத்துல அஞ்சு இருந்தது, ரெண்டு மிச்சம். எனக்கு இருந்ததே ரெண்டு. அதனால நான் முதல்ல முழுகினேன். அடுத்தது யாருன்னு தாள்ல இருக்கு."

பசவராஜ் தாளைப் பார்த்தார். மில் திறப்பு விழாப் படத்தை எடுத்து, மாலை போட்ட மிஷினுக்கு முன்னால் நிற்கிற தன்னையும் நான்கு படிகளையும் விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினார். பிறகு வெளியே போய் மிச்சமிருக்கிற ஒரே படியைப் பார்த்துவிட்டு வந்தார். மாவில் தண்ணீர் புகுந்தால் என்ன ஆகும் என்று அவருக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. முதல் கையெழுத்து அவருடையது. எல்லா வீட்டிலும் ஒரே அளவு வந்திருக்கிறது, இதைவிட நல்ல ரிக்கார்ட் எனக்குக் கிடைக்காது என்று ஹரிப்ரசாத் கன்னடத்தில் சொல்லி, அந்தத் தாளை ஃபைலில் வைத்துக்கொண்டார்.

பதினோரு பேர் போட்டார்கள். நான் போடவில்லை. எனக்கு இன்னும் இரண்டு படி மிச்சம் இருக்கிறது, முழங்கால் வலி இருக்கிறது, யோசித்துச் சொல்கிறேன் என்றேன். மீனாக்ஷி என்னைக் கெஞ்சவில்லை. கெஞ்சியிருந்தால் மறுத்துவிட்டுச் சந்தோஷமாக இருந்திருப்பேன்.

புதன்கிழமை சீக்கிரம் வீட்டுக்கு வந்தவன், நாலு மணிக்கு என் கல்யாணப் படத்தைத் திருப்பி வாங்கப் போனேன். மத்தியானமே அடித்துப் பெய்து ஓய்ந்திருந்த மழை, பாதித் தெருவில் மறுபடி பிடித்துக்கொண்டது. "பாத்து எறங்குங்கோ" என்ற குரல் அன்று உள்ளேயிருந்து வந்தது. இறங்கினேன், கணுக்கால்வரை தண்ணீர். பீரோவுக்கு அடியில் செங்கல், கட்டிலுக்கு அடியில் செங்கல். சாம்பு கால்களைத் தூக்கிக் கட்டிலில் வைத்துக்கொண்டு, வருகிற ஒவ்வொரு மூச்சையும் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார். மழைக்குப் பயந்து ஆபீஸிலிருந்து முன்னதாகவே வந்துவிட்ட மீனாக்ஷி, கட்டியிருந்த புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு முறத்தால் தண்ணீரை வாளியில் தள்ளிக்கொண்டிருந்தாள். படம் மட்டும் நனையாமல் ஷெல்ஃபின் மேல்தட்டில், துணியில் சுற்றி இருந்தது.

வாசலில் நின்று தெருவைப் பார்த்தேன். மேலேயிருந்து சாக்கடையில் ஒழுங்காக வந்துகொண்டிருந்த தண்ணீர், ஓர் இடத்தில் மட்டும் முட்டி, ரோட்டில் ஏறி, நேராக என் காலடிக்கு வந்தது. அது என் ராம்ப். சாக்கடைக்குள் ஒரு குழாயைப் புதைத்துவிட்டு மேலே சிமெண்டைப் பூசினவன் நான். குழாய் எப்போதோ அடைத்துக்கொண்டுவிட்டது.

"இது என்னாலதான்னு உனக்குத் தெரியுமா?" என்று கேட்டேன்.

"ஏழு வருஷமாத் தெரியும் சார்."

"ஏன் சொல்லலை?"

"ராம்ப் போட்ட அன்னிக்கு உங்க முகத்துல அவ்வளவு சந்தோஷம். வலியில்லாம உள்ள போனேள். எப்படிச் சொல்றது?"

எனக்கு வெட்கமாக இருந்தது. ஐம்பத்தெட்டு வயசில் அப்படி ஒரு வெட்கத்தை நான் எதிர்பார்க்கவில்லை. முறத்தை அவள் கையிலிருந்து வாங்கி, மழை விடும்வரை நானும் தள்ளினேன். பிறகு படத்தை மறந்துவிட்டு, நனைந்த வேட்டியோடு பஸ் பிடித்துப் போய் ஹரிப்ரசாத்தின் ஆபீஸில் கையெழுத்துப் போட்டேன். தாளில் ஒரு சொட்டு விழுந்து பராசரனில் "ரா" கொஞ்சம் அழிந்தது. அவர் பரவாயில்லை என்றார்.

ஆகஸ்டில் தோண்டினார்கள். வழக்கம்போல வெளியே போய் நின்று குறை சொன்னேன். முதலில் என் ராம்பைத்தான் உடைக்கச் சொன்னேன். என் வீட்டு மூன்று படிகளும் வெளியே வந்தன, ஒன்றில் மட்டும் மூலை உடைந்திருந்தது. பக்கத்தில் இரும்புக் கைப்பிடி வைத்தேன். ஸ்கூட்டருக்கு ஒரு பலகை. தினமும் ஐந்து படி ஏறும்போது பத்மாஸினி உள்ளேயிருந்து, "ஒண்ணு, ரெண்டு" என்று எண்ணுகிறாள். பசவராஜ் மூட்டைகளை ஏற்ற மில் வாசலில் ஓர் ஆளைப் போட்டுவிட்டார். ஒரு வாடிக்கைக்காரியும் அடுத்த மில்லுக்குப் போகவில்லை.

மீனாக்ஷி வீட்டு வாசலில் கருங்கல் படிகள் இரண்டும் வெளியே வந்த அன்று, அவள் லீவு போட்டுவிட்டுத் தேங்காய் நாரால் தேய்த்துத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தாள்.

தசரா முடிந்து ஒரு வாரம். மத்தியானம் அடித்துப் பெய்தது. நாங்கள் எல்லாரும் குடையோடு தெருவில் நின்று பார்த்தோம். தண்ணீர் புதுச் சாக்கடையிலேயே ஓடி, மீனாக்ஷி வீட்டைத் தாண்டி, பெரிய வாய்க்காலில் விழுந்தது. ஒரு சொட்டு ரோட்டுக்கு வரவில்லை. நான் மெதுவாக அவள் வீடுவரை நடந்தேன். கேட் சத்தம் கேட்டதும் அவள் வழக்கம்போல ஓடி வந்தாள்.

"பாத்து எறங்..."

பாதியில் நிறுத்திவிட்டாள். நான் கீழே நின்றுகொண்டிருந்தேன், அவள் மேலே. முப்பது வருஷமாக அவள் அழுது நான் பார்த்ததில்லை. அன்று பார்த்தேன். உள்ளேயிருந்து சாம்பு, "யாரு?" என்று கேட்டார். மூச்சில் இழுப்பு இருந்தது, ஆனால் முன்னளவு இல்லை. சுவர் காய்ந்துகொண்டிருந்தது. வீடு பார்க்க வந்த பார்ட்டியிடம், விற்கப்போவதில்லை என்று அவர் போனிலேயே சொல்லிவிட்டாராம்.

மீனாக்ஷி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"ஏறி வாங்கோ சார்" என்றாள்.

முழங்கால் வலித்தது. இரண்டு படியையும் ஏறிப் போனேன்.