ஊசித்தும்பிக்கு வைத்த பெயர்

எழுபதுகளின் தொடக்கத்தில் நான் சென்னையில் விலங்கியல் ஆராய்ச்சி மாணவி. ஆனைமலைக் காட்டு ஓடையில் பிடித்த ஊசித்தும்பிகளை ஒரு பிஸ்கட் டப்பாவில் வைத்துக்கொண்டு, விடுமுறைக்குப் பெரிய காஞ்சிபுரத்து வீட்டுக்கு வந்திருந்தேன். ஊசித்தும்பி என்றால் தட்டானின் ஒல்லித் தங்கை. உயிரோடு இருக்கையில் நீலமும் பச்சையுமாக மினுக்கும். செத்துவிட்டால் கொஞ்ச நாளில் எல்லாம் ஒரே கறுப்பு. நிறத்தை நம்பி இனம் சொல்ல முடியாது. இறக்கை நரம்புகளைப் பார்க்க வேண்டும். அதைவிட முக்கியம், ஆணின் வால் நுனியில் இருக்கும் குட்டிக் கொக்கிகள். அவை இனத்துக்கு இனம் வேறுபடும்.

ஒரு மத்தியானம் ஜன்னலோரம் லென்ஸோடு உட்கார்ந்தவள், ஒரு தும்பியைப் பார்த்துத் திகைத்துப்போனேன். இறக்கை ஓர் இனத்தைச் சொன்னது, கொக்கிகளோ வேறொன்றைச் சொல்லின. இரண்டும் சேர்ந்த தும்பி நான் கொண்டுவந்த புத்தகத்தில் எங்குமே இல்லை. அப்படியானால் புது இனம்! பெயர் வைப்பது என் உரிமை. என்னைப் படிக்க வைக்க அப்பாவோடு மல்லுக்கட்டிய அம்மாவின் பெயரைத்தான் வைப்பது என்று அங்கேயே முடிவு செய்துவிட்டேன். கண்ணெல்லாம் கலங்கிவிட்டது.

பேராசிரியருக்குத் தந்தி அடிக்குமுன் படம் வரைந்துவிடலாம் என்று மறுபடி லென்ஸை வைத்தேன். வாலின் நடுவே ஏதோ பொருக்குத் தட்டியிருந்தது. அதிலிருந்து சிவப்புப் பட்டு நூலின் பிசிறு ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது.

அம்மாவைக் கூப்பிட்டேன். ராட்டையில் நூல் சுற்றிக்கொண்டிருந்தவள் எழுந்து வந்தாள்.

"இந்த டப்பாவத் தொறந்தியாம்மா?"

"நேத்து நீ கோயிலுக்குப் போயிருந்தப்போ கை தவறி வுழுந்துடுச்சுடி. ரெண்டு பூச்சிக்கு வால் அறுந்து போச்சு. பட்டு இழைய உள்ள வெச்சி, சோத்துக் கஞ்சியால ஒட்டிட்டேன்."

"எந்த வால் எதோடதுன்னு எப்பிடிம்மா பார்த்த?"

"ரெண்டும் கறுப்பா ஒரே நீளத்துக்கு இருக்குது. இதுல இன்னாடி பாக்கறது?"

எங்கள் வீட்டில் இழை அறுந்தால் அதைப் பிணைக்காமல் யாரும் தறியை விட்டு எழ மாட்டோம். தும்பிக்கும் அதே நியாயம்தான் நடந்திருக்கிறது. எனக்கு எரிச்சலும் அழுகையும் ஒன்றாக முட்டின.

"ஏண்டி, தப்பாப் பூடுச்சா?" அம்மாவின் முகம் சுருங்கிவிட்டது. அந்த மெல்லிய வாலுக்குள் நூலை நுழைக்கும்போது, என் பொருளாயிற்றே என்று எவ்வளவு பயந்திருப்பாள்! கோபம் போன இடம் தெரியவில்லை.

"இல்லம்மா, நல்லாத்தான் நிக்குது" என்றேன்.

முறைப்படி பார்த்தால் இரண்டையும் ஊறவைத்துப் பிரித்திருக்க வேண்டும். அந்த இரண்டு இனங்களிலும் வேறு தும்பிகள் என்னிடம் இருந்ததால், பிரிக்க மனம் வரவில்லை. பிடித்த இடத்தையும் இனத்தின் பெயரையும் ஒரு சிறு சீட்டில் எழுதித் தும்பியின் கீழே வைப்பது எங்கள் வழக்கம். இதற்கும் ஒன்று எழுதி வைத்தேன். இடம்: பெரிய காஞ்சிபுரம். இனம் என்ற இடத்தில் அம்மாவின் பெயர்.