பூட்ஸைக் கழற்றிய பதினொரு பேர்

திருச்சியில் ஹாக்கி மட்டை பிடித்தவன் எவனும் அந்த வருஷம் குனிந்து நடக்கவில்லை. பெர்லினில் நம்மவர்கள் மூன்றாவது முறையாக ஒலிம்பிக் தங்கம் வாங்கியிருந்தார்கள். முதலில் ஆம்ஸ்டர்டாம், ஒரு கோல்கூட வாங்காமல் ஜெயித்தார்கள். அடுத்தது லாஸ் ஏஞ்சல்ஸ். அமெரிக்காவுக்கு இருபத்து நாலு கோல் போட்டார்கள். இப்போது ஜெர்மனியை அவர்கள் ஊரிலேயே எட்டுக்கு ஒன்று. வெள்ளைக்காரன் கொண்டுவந்த ஆட்டத்தில் நாம்தான் உலகத்துக்கு வாத்தியார். இதில் எனக்கு இருந்த கர்வம் கொஞ்சநஞ்சமல்ல.

நானும் ஆடுகிறவன்தான். ரயில்வேயில் குமாஸ்தா, வீடு ஸ்ரீரங்கத்தில். எங்கள் குமாஸ்தாக்கள் டீமில் எல்லோரும் வெறுங்காலில்தான் ஆடுவோம். அந்த வருஷம் போட்டிக் கமிட்டியார் பூட்ஸ் இல்லாதவன் மைதானத்தில் இறங்கக்கூடாது என்று விதி போட்டார்கள். காலில் அடிபடும் என்று காரணம் சொன்னார்கள். அதுவரை எங்கள் கால்களைப் பற்றி அவர்கள் யாரும் கவலைப்பட்டு நான் பார்த்ததில்லை.

ஆளுக்கொரு ஜோடி எப்படியோ தேடிப் பிடித்தோம். தோல் பூட்ஸ் வாசற்படி தாண்டக்கூடாது என்று என் மனைவி சொல்லிவிட்டாள். தோல் போர்த்த பந்தைத் தொட்ட கையோடு வந்தாலே கிணற்றடிக்குப் போய்க் குளிக்கச் சொல்கிறவள் அவள். அதனால் என் பூட்ஸ் ஆபீஸில் பழைய பைல்களுக்குப் பின்னால் குடியிருந்தது. பிறந்தது முதல் செருப்பு மட்டுமே போட்ட கால்கள் அதற்குள் போனதும் மரக்கட்டை ஆகிவிட்டன. முதல் இரண்டு ஆட்டத்திலும் மண்ணைக் கவ்வினோம். மூன்றாவதிலும் தோற்றால் போட்டியிலிருந்து டீமையே எடுத்துவிடுவதாகக் கமிட்டியார் சொல்லிவிட்டார்கள். எனக்கு ராத்தூக்கம் போயிற்று. நாள் முழுக்க லெட்ஜருக்குள் தலையை விட்டுக் கிடக்கிறவனுக்கு சாயங்காலம் அந்த ஒரு மணி நேரமும் இல்லையென்றால் அப்புறம் என்ன இருக்கிறது?

மூன்றாவது ஆட்டம் ரயில்வே ஒர்க் ஷாப் டீமோடு. பெரும்பாலும் ஆங்கிலோ இந்தியப் பையன்கள், சின்ன வயதிலிருந்தே பூட்ஸில் ஓடிப் பழகியவர்கள். அம்பயர் ஓய்வு பெற்ற ஓர் ஆங்கிலோ இந்திய போர்மேன். பெர்லின் ஆட்டத்தைப் பற்றிய பத்திரிகைத் துண்டு ஒன்று அவர் சட்டைப் பையிலேயே இருக்கும். எந்த ஆட்டமானாலும் விசில் ஊதுமுன் இரண்டு டீமையும் நிற்கவைத்து அதைப் படித்துக் காட்டாமல் விடமாட்டார். பெர்லினில் ஈரத் தரை வழுக்கியதால் முதல் பாதியில் நம்மவர்களுக்கு ஒரே கோல். பிறகு நம் காப்டன் பூட்ஸைக் கழற்றிப் போட்டுவிட்டு வெறுங்காலில் இறங்கினார், கோல்கள் வந்து குவிந்தன. அந்த இடம் வந்ததும் கிழவருக்குக் குரல் கரகரக்கும். அன்றும் படித்தார், அன்றும் கரகரத்தது.

அது புரட்டாசிச் சனிக்கிழமை. பெருமாளுக்குத் தளிகை ஆனதும் புளியோதரையை அவசரமாக விழுங்கிவிட்டு ஓடி வந்திருந்தேன். ஆட்டம் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. நான் இரண்டு தடவை குப்புற விழுந்தேன். அந்த இரண்டு தடவையும் அவர்கள் கோல் போட்டார்கள்.

இடைவேளை வந்தது. எங்கள் காப்டன் வையம்பட்டிப் பக்கத்து விவசாயக் குடும்பத்து ஆள், அதிகம் பேசாதவர். சேற்றில் அப்படியே உட்கார்ந்து பூட்ஸ் கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்தார். ஒரு நிமிஷம் அவரையே பார்த்துக்கொண்டிருந்தோம். அப்புறம் நாங்கள் பத்துப் பேரும் உட்கார்ந்து எங்கள் கயிறுகளை அவிழ்த்தோம்.

அம்பயர் விசிலை ஊதிக்கொண்டே ஓடி வந்தார். விதி தெரியாதா என்று கேட்டார்.

"தெரியும் சார்," என்றார் காப்டன் எழுந்து நின்று. "ஆனா பெர்லின்ல நம்ம காப்டன் கழட்டினாருன்னு நீங்கதானே படிச்சீங்க. அவரு செஞ்சது சரின்னா நாங்க செய்யறதும் சரிதானுங்களே."

கிழவரின் கை சட்டைப் பைக்குப் போயிற்று. எங்கள் கால்களை வரிசையாகப் பார்த்தார். நடுக்கோட்டுக்குப் போய் இரண்டாவது பாதிக்கு விசில் ஊதினார்.

விரலிடுக்கில் சேறு பிதுங்கியதும் எனக்கு உயிர் வந்தது. அவர்கள் வழுக்கினார்கள், நாங்கள் ஓடினோம். காப்டன் ஒன்று போட்டார், அப்புறம் இன்னொன்று. கடைசி நிமிஷங்களில் பின்வரிசையிலிருந்து நான் தள்ளிய பந்து நாலு பேரைத் தாண்டி அவர் மட்டைக்குப் போய்ச் சேர்ந்தது. மூன்றுக்கு இரண்டு. என் வாழ்நாளில் அப்படி நான் கத்தியதில்லை. ஆட்டம் பார்க்க வந்திருந்த, ஆபீஸில் எப்போதும் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கும் ஹெட் கிளார்க்கைக்கூடக் கட்டிப்பிடித்தேன்.

கத்தி முடிப்பதற்குள் ஒர்க் ஷாப் காப்டன் விதித்தாளைத் தூக்கிக்கொண்டு அம்பயரிடம் வந்துவிட்டான். பூட்ஸ் இல்லாமல் ஆடியது செல்லாது, ஜெயித்தது தாங்கள்தான் என்று கமிட்டிக்கு எழுதிக் கொடுக்கச் சொன்னான். விதியில் அப்படித்தான் இருந்தது.

கிழவர் தாளை முழுக்கப் படித்து முடித்துவிட்டு அவனிடமே திருப்பிக் கொடுத்தார். அவர்களுக்குள் எப்போதும் இங்கிலீஷ்தான். எங்களுக்கும் புரியட்டும் என்றோ என்னவோ, தமிழிலேயே சொன்னார்.

"எழுதலாம்ப்பா. முதல்ல பெர்லின்ல வாங்கின தங்கத்தைத் திருப்பிக் கொடுக்கணும்னு நீ ஒரு லெட்டர் எழுதிட்டு வா. ரெண்டுலயும் சேர்த்துக் கையெழுத்து போடறேன்."