தனலெட்சுமியின் விரல்

ஜோகூரில் சாஆ என்ற சிற்றூரில், எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டும் சதாசிவத்திடம் உடம்பைப் பற்றி யார் என்ன கேட்டாலும் ஒரே பதில்தான் வரும். "ஒண்ணுமில்ல." லாரியிலிருந்து உருண்ட குலை காலில் விழுந்து இரண்டு நகம் பெயர்ந்த அன்றும் அவருக்கு ஒண்ணுமில்லைதான். முப்பத்தொன்பது டிகிரி காய்ச்சலோடு மணவறையில் உட்கார்ந்து தாலி கட்டிய மனிதர் அவர். கை நடுங்கியதைப் பார்த்து, மாப்பிள்ளைக்கு என்ன வெட்கம் பாரேன் என்று பெண் வீட்டார் பூரித்துப் போனார்கள். பக்கத்தில் இருந்த தனலெட்சுமிக்கு மட்டும் அனல் அடித்தது. அன்றிலிருந்து கணவர் சொல்வதில் பாதியைத்தான் அவர் நம்புவார்.

2021 ஆகஸ்டில், நாடே கதவைச் சாத்திக்கொண்டு கிடந்த நேரத்தில், இருவருக்கும் ஒன்றாகக் கோவிட் வந்தது. கிளினிக்கில் நோயாளி என்ற அடையாளத்துக்கு மணிக்கட்டில் ரோஸ் நிறப் பட்டையைக் கட்டினார்கள். விரலில் மாட்டி ஆக்சிஜன் அளவைப் பார்க்கும் சின்ன மெஷின் ஒன்றைக் கொடுத்தார்கள். பத்து நாள் வாசல் தாண்டக் கூடாது, தினமும் காலையில் போன் வரும் என்று சொல்லி அனுப்பினார்கள். போன் வந்தது. சதாசிவம் மூன்று தடவை துண்டித்தார். தெரியாத நம்பரை எடுத்தால் பேங்கில் இருப்பதைத் துடைத்துவிடுவார்கள் என்பது அந்தத் தாமான் குடியிருப்பில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

நாலாவது தடவை எடுத்ததும் ஒரு பெண் குரல் மூச்சு விடாமல் பேசியது.

"அங்கிள், வைக்காதீங்க லா! நான் மிஸ்ஸி வினிஃப்ரெட். கிளினிக்ல இருந்து பேசறேன். உங்க பேங்க் நம்பர் எனக்கு வேணாம். ஆக்சிஜன் நம்பர் மட்டும் சொல்லுங்க."

அந்தப் பக்கத்தில் நர்ஸுக்கு மிஸ்ஸி என்றுதான் பெயர். மிஸ்ஸியே கேட்ட பிறகு சொல்லாமல் இருக்க முடியுமா? "தொண்ணூத்தொம்போது" என்றார் சதாசிவம். மெஷின் அப்போது பெட்டியை விட்டே வெளியே வரவில்லை. இரண்டாம் நாளும் தொண்ணூற்றொன்பது, மூன்றாம் நாளும் அதேதான். நாலாம் நாள் வினிஃப்ரெட் சிரித்தார்.

"அங்கிள், நீங்க ஸ்கூல்லகூட இவ்வளவு மார்க்கு வாங்கியிருக்க மாட்டீங்க. நாளையிலேர்ந்து விரல்ல மாட்டி, படம் எடுத்து வாட்ஸ்அப்ல அனுப்புங்க."

ஐந்தாம் நாள் காலையில் மெஷினை மாட்டிப் பார்த்தார். தொண்ணூற்றொன்று. வேறு விரலில் மாட்டினார், தொண்ணூறு. மட்டமான சாமான் என்று மெஷினைத் திட்டினார். ஆனால் குளியலறைக்குப் போய் வந்ததற்கே கட்டிலில் உட்கார்ந்து இளைப்பாற வேண்டியிருந்தது. அது மெஷினின் குற்றமில்லை என்று அவருக்கே தெரியும்.

மனிதர் முட்டாள் இல்லை, பயந்துபோயிருந்தார். கூட லாரி ஓட்டிய மூர்த்தி இரண்டு வாரத்துக்கு முன்புதான் தன் காலால் நடந்து போய் ஆம்புலன்ஸில் ஏறினார். பிளாஸ்டிக்கில் சுற்றி நேரே சுடுகாட்டுக்குக் கொண்டுபோனார்கள். ஒரே மகள் ஷர்மினிக்குச் சிங்கப்பூரில் வேலை. எல்லை மூடி ஒன்றரை வருடமாகப் பாலத்துக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரியில் ஏதாவது ஆகிவிட்டால் மகளும் வர முடியாது, மனைவியும் பார்க்க முடியாது. போகிற உயிர் சொந்தக் கட்டிலில் போகட்டும் என்று அவர் முடிவு கட்டியிருந்தார்.

"லெட்சுமி, இந்த மெஷினு வேலை செய்யுதான்னு பாக்கணும். ஒன் விரலக் கொஞ்சம் குடு" என்று கூப்பிட்டார்.

தனலெட்சுமிக்குக் காய்ச்சல் விட்டு இரண்டு நாளாகியிருந்தது. அரிசி களைந்துகொண்டிருந்தவர் கையைத் துடைத்துவிட்டு வந்து நீட்டினார். தொண்ணூற்றெட்டு. சதாசிவம் படம் எடுத்தார்.

"படம் எதுக்கு?"

"சும்மா."

அனுப்பிய ஐந்தாவது நிமிடம் போன் வந்தது.

"அங்கிள், நம்பர் நல்லா இருக்கு. விரல் அதவிட அழகா இருக்கு. மருதாணி யாரு அரைச்சா?"

ஆடிப்பூரத்துக்குத் தனலெட்சுமி வைத்துக்கொண்ட மருதாணி அது. மெஷின் ஒரு விரலைத்தான் மூடியிருந்தது, மற்ற நாலும் படத்தில் சிவப்பாகப் பளிச்சென்று தெரிந்தன. பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடுமா? வினிஃப்ரெட்டின் குரலில் இப்போது சிரிப்பு இல்லை.

"ஒரே மூச்சுல முப்பது வரைக்கும் எண்ணுங்க. சத்தமா."

எட்டில் நின்றுவிட்டது. அடுத்த எண்ணுக்கு மூச்சு வரவில்லை.

"ஆம்புலன்ஸ் அனுப்பறேன், அங்கிள்."

"வேணாம், மிஸ்ஸி. போனவங்க... யாரும் திரும்பல. எம் பொண்ணு... மொகத்தக்கூட பாக்க முடியாது."

"வந்தா பொழைச்சிருவீங்கன்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன். ஆனா வீட்லயே இருந்தா என்ன ஆவும்னு எனக்கு நல்லாத் தெரியும். ஆண்ட்டிகிட்ட போனக் குடுங்க."

தனலெட்சுமி கேட்டு முடித்தார். ஒரு பையில் கைலியும் பல்துலக்கியும் போட்டார். முப்பத்து நாலு வருடத்தில் முதல் தடவையாகக் கணவரின் முதுகில் ஓர் அடி வைத்தார். அப்புறம்தான் அழுதார்.

சிகாமட் பெரிய ஆஸ்பத்திரியில் பதினாறு நாள். குப்புறப் படுத்தால்தான் நுரையீரலுக்கு நல்லதென்று, "பாக்சிக், தியாராப்!" (மாமா, குப்புறப் படுங்க!) என்று மலாய்க்காரப் பெண் ஒருத்தி இரவும் பகலும் அவரைக் கவிழ்த்துப் போட்டுக்கொண்டே இருந்தாள். கஞ்சி ஊட்டிய பையன் சீனன். யார் முகமும் தெரியாது. தலை முதல் கால் வரை மூடிய உடுப்பின் முதுகில் மை பேனாவால் எழுதியிருந்த பெயர்களைத்தான் பார்த்தார். பெற்ற பிள்ளை செய்யாததை முகம் தெரியாதவர்கள் செய்தார்கள் என்று இன்றும் சொல்வார். சொல்லும்போது குரல் உடையும், அதை அவர் மறைப்பதில்லை.

திரும்பி வந்து இரண்டு மாதம் கழித்து, ஒரு பை ரம்புத்தானோடு கிளினிக்குக்குப் போனார். முகமூடிகளுக்கு நடுவே குரலை வைத்துத்தான் வினிஃப்ரெட்டைக் கண்டுபிடித்தார். நாற்பது வயதுப் பெண், அவர் தோளுயரம்கூட இல்லை. ஒரு நாளைக்கு எண்பது பேருக்குப் போன் போட்ட பெண் அது. சதாசிவம் கையெடுத்துக் கும்பிட்டார்.

"அத்தன படத்துக்கு நடுவுல எப்படிம்மா கண்டுபிடிச்சே?"

வினிஃப்ரெட் அவரை வெளியே மரத்தடிக்கு அழைத்துப் போனார்.

"உங்களுக்கு ஒரு வாரம் முந்தி இன்னொரு அங்கிள் இதே மாதிரி அனுப்புனாரு. நான் நம்பரை மட்டும் பார்த்தேன், விரலப் பார்க்கல. மறுநாள் அவரு போயிட்டாரு. அவங்க சம்சாரம் போன் பண்ணி, மெஷின் சரியா இருக்கான்னுதானே கேட்டாரு, நான் விரலக் குடுத்தேனேன்னு அழுதாங்க. அதுலேர்ந்துதான் அங்கிள் விரலையும் பார்க்கறேன்."

"யாரும்மா அவரு?"

"பேரு சொல்லக் கூடாது, அங்கிள்."

சதாசிவம் வீட்டுக்கு வந்து தனலெட்சுமியிடம் சொன்னார். அன்று இருவருக்கும் சாப்பாடு இறங்கவில்லை.

அடுத்த ஏப்ரலில் எல்லை திறந்தது. ஷர்மினியை அழைத்துவர ஜோகூர் பாருவுக்கு அவரே காரோட்டிப் போனார். மூவரும் வெள்ளிக்கிழமை மாரியம்மன் கோயிலுக்குப் போனார்கள். குடும்பத்தின் பெயருக்கு அர்ச்சனை முடிந்ததும் சதாசிவம் இன்னொரு தட்டை நீட்டினார்.

"இது யார் பேருக்கு?" என்றார் குருக்கள்.

"பேரு தெரியாதுங்க சாமி. வீட்டுக்காரரப் பறிகொடுத்த ஒரு அம்மா. தமிழங்களா, மலாய்க்காரங்களா, சீனங்களா, அதுவும் தெரியாது. அவங்களாலதான் நான் இங்க நிக்கறேன். அவங்க நல்லா இருக்கணும்."

"நட்சத்திரம்?"

சதாசிவம் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். தனலெட்சுமி முன்னால் வந்தார்.

"ரோகிணின்னு சொல்லுங்க, சாமி."

"அது உங்க நட்சத்திரமாச்சே?"

"ஆமாங்க. அந்த அம்மா எடத்துல நான் இருந்திருக்க வேண்டியது. என்னோடதையே சொல்லுங்க."

குருக்கள் தட்டை வாங்கிக்கொண்டு உள்ளே போனார்.