பெட்டிக்குள் இரண்டு டம்ளர்

ஆவூரில் ஓர் அடக்கத்தில்தான் அந்த அயர்லாந்துக்காரரைப் பார்த்தேன். லீவுக்கு வந்த இடத்தில் இறந்துபோன எங்கள் ஊர் நர்ஸின் கணவர். செம்பட்டைத் தாடி, நெட்டை உருவம். பழங்கால ஐரோப்பாவின் கெல்ட் மக்களைப் பற்றிக் கல்லூரியில் பாடம் நடத்துகிறவர். மனைவியிடம் கற்ற தமிழில் பேச்சுக்குப் பேச்சு "இல்லீங்களா" என்பார்.

பெட்டியை மூடும் முன் அவள் பக்கத்தில் இரண்டு காபி டம்ளர்களை வைத்தார்.

"இதெல்லாம் எதுக்குங்க மச்சான்?" என்றான் அவள் தம்பி.

"கெல்ட் ஆளுங்க தங்களைப் பத்தி எழுதி வைக்கலை. செத்தவங்களோட குழிக்குள்ள வச்ச சாமானைப் பாத்துத்தான் அவங்க எப்படி வாழ்ந்தாங்கன்னு தெரிஞ்சுக்கிட்டோம், இல்லீங்களா?"

"அதுக்கு ஒண்ணு போதாதா?"

"ஒங்க அக்கா ஒருநாளும் தனியா காபி குடிச்சதில்லீங்க."

 பிறகு பெட்டியை அவரே மூடினார்.