ஒத்துப்போகாத இரண்டு சாட்சிகள்

பாளையங்கோட்டை கோர்ட்டில் முப்பது வருஷம் குமாஸ்தாவாக இருந்த நேசையாவுக்குத் தைராய்டில் புற்றுநோய். கழுத்தில் நெறி வேறு கட்டியிருந்தது. அதற்கும் பரவிவிட்டதா என்று பார்க்கத்தான் இந்த ஸ்கேன்.

“ரெண்டு வித எக்ஸ்ரே சக்தியில ஒரே நேரத்துல படம் எடுப்போம், அண்ணாச்சி,” என்றாள் டெக்னீஷியன் முத்துராணி.

நேசையா சீறினார். “ரெண்டு சாட்சியை ஒண்ணாவா விசாரிப்பாவ? பேசி வச்சுக்கிடுமே!”

“ரெண்டும் வேற வேற மாதிரிதான் காட்டும். அந்த வித்தியாசத்தை வச்சுத்தான் கண்டுபிடிப்போம்.”

“அப்பம் சரி. ஒரே மாதிரி சொன்னா அது சொல்லிக்கொடுத்த சாட்சி,” என்று நிம்மதியாகப் படுத்தார்.

மறுநாள் டாக்டர், நெறிக்குப் பரவவில்லை, தைராய்டை மட்டும் எடுத்தால் போதும் என்றார்.

நேசையா நெறியைப் பையத் தடவிக்கொடுத்தார்.

“ஏலே, பக்கத்து வீட்டுக்காரன்னு உன்னையும்லா பிடிச்சிட்டு வந்துட்டாவ!”