யாரோ ஒரு எக்ஸ்பாக்ஸ்காரன்

ஆம்பூரில் ஷூ கம்பெனியின் கட்டிங் பிரிவில் வேலை பார்க்கும் ஜீவாவும், தோல் பதனிடும் டேனரியில் டிரம் ஓட்டும் சமீருல்லாவும் ஒன்றாம் வகுப்பிலிருந்தே ஒன்றாகத் திரிந்தவர்கள். வீடியோ கேமில் மட்டும்தான் வழி பிரிந்தது. ஜீவா பழைய பிளேஸ்டேஷன் ஒன்றை வாங்கினான். சமீருல்லாவுக்கு அவன் மச்சான் துபாயிலிருந்து எக்ஸ்பாக்ஸ் கொண்டுவந்து கொடுத்தான். இதில் ஆடுகிறவன் அதில் ஆடுகிறவனோடு சேர முடியாது. அடுத்தடுத்த தெருவில் இருந்துகொண்டு, ஒரே கால்பந்து ஆட்டத்தை இருவரும் தனித்தனியாக ஆடிக்கொண்டிருந்தார்கள்.

பிறகு, எந்தப் பெட்டியில் இருந்தாலும் ஒரே அணியில் சேரலாம் என்று ஆட்டத்தை மாற்றிவிட்டார்கள். அன்றைக்கே சமீருல்லா போன் செய்தான். "டேய், இனிமே உன்கூட ஆடலாம்டா. என்னையும் சேத்துக்க."

ஜீவாவுக்குச் சந்தோஷத்தோடு சின்ன உறுத்தலும் வந்தது. அவன் ஏற்கெனவே சென்னைப் பையன்கள் இரண்டு பேரோடு ஆடிவந்தான். இருவருக்கும் பெரிய இடத்தில் கம்ப்யூட்டர் வேலை. நீ என்ன செய்கிறாய் என்று முதல் நாள் கேட்டபோது, "நானும் ஐடிதான், சென்னைதான்" என்று வாயில் வந்ததைச் சொல்லிவைத்தான். அதிலிருந்து அவர்களிடம் ஊரில் பேசுகிற 'இன்னா'கூட வராமல் பார்த்துப் பார்த்துப் பேசினான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சமீருல்லாவையும் சேர்த்துக்கொண்டான். ஆட்டம் நன்றாகத்தான் போனது. இடைவேளையில் சமீருல்லா மைக்கில் சொன்னான்: "இந்த மேட்சோட நான் கெளம்பணும். டிரம்ல தோல் சுத்திட்டிருக்கு, எறக்கணும்."

சென்னைக்காரர்களில் ஒருவனான கோபி சிரித்தான். "தோல் கம்பெனியா? இங்க வரைக்கும் நாறுதே. யாருடா, உன் ஃப்ரெண்டா?" என்று ஜீவாவைக் கேட்டான்.

ஜீவாவுக்குக் காது சூடாகிவிட்டது. "எனக்குத் தெரியாதுப்பா. யாரோ எக்ஸ்பாக்ஸ்காரன். அவனா வந்து சேந்துட்டான்."

பிறகு சமீருல்லாவின் குரல் வந்தது. "ஆமாங்க. ஆள் கம்மின்னு காட்டுச்சு, சும்மா வந்தேன்."

சமீருல்லா ஆட்டத்தைப் பாதியில் விட்டுப் போகவில்லை. ஜீவாவின் காலுக்குப் பந்தைத் தள்ளிக் கொடுத்து ஒரு கோலும் போடவைத்தான். "நல்லா அடிச்சீங்க" என்று சொல்லிவிட்டுத்தான் போனான்.

மறுநாள் ஷிப்ட் முடிந்ததும் ஜீவா டேனரி வாசலில் போய் நின்றான். வெளியே வந்த சமீருல்லா எப்போதும்போல டீக்கடைக்குக் கூட்டிப்போனான். டீ ஆறிக்கொண்டிருந்தது.

"நேத்து நான் பேசுனது தப்புடா" என்றான் ஜீவா.

"விடு. அவனுங்ககிட்ட நீ வேற மாதிரி சொல்லியிருப்பன்னு புரிஞ்சுது." சமீருல்லா ரோட்டைப் பார்த்தபடி சொன்னான். "பக்கத்துல ரஃபத் உக்காந்திருந்துச்சு. 'நம்ம ஜீவா அண்ணன் குரல் மாதிரி இருக்கே'ன்னு கேட்டுச்சு. இல்ல, அது வேற எவனோன்னு சொல்லிட்டேன்."

ரஃபத் ஜஹான் அவன் மனைவி. அவர்கள் கல்யாணத்தில் பந்தி பரிமாறியவன் ஜீவா.

அன்று சாயங்காலம் மைக்கைப் போட்டு, "நான் ஐடி இல்ல. ஆம்பூர்ல ஷூ கம்பெனி. நேத்து வந்தவன் என் தோஸ்த்" என்று சென்னைக்காரர்களிடம் சொன்னான்.

"ஓ, சரி. மேட்ச் போடலாமா?" என்றான் கோபி.

அவ்வளவுதான். யாரும் சிரிக்கவில்லை. இதற்காகவா சமீருல்லாவை விட்டுக்கொடுத்தோம் என்று நினைத்தபோது ஜீவாவுக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது. ஆட்டத்தை அணைத்துவிட்டான்.

இப்போது அவனும் சமீருல்லாவும் மட்டும் சேர்ந்து ஆடுகிறார்கள். பந்து தவறாமல் வருகிறது. ஆனால் சமீருல்லா மைக் போடுவதில்லை. ஜீவாவும் போடச் சொன்னதில்லை. சமீருல்லாவின் வீட்டுப் பக்கம் போவதும் நின்றுவிட்டது. போன வாரம் மார்க்கெட்டில் ரஃபத் எதிரே வந்தாள்.

"இன்னாண்ணா, வீட்டுக்கே வர்றதில்ல?"

"ஷிப்ட் ஜாஸ்திம்மா" என்று தரையைப் பார்த்துச் சொல்லிவிட்டு நகர்ந்தான்.